டல்லாஸிலிருந்து பிட்ஸ்பர்க் கோயில், நயாகரா: இடுப்பில் கைத்துப்பாக்கியோடு எட்டு மாநிலம் கடப்பது எப்படி?

டெக்ஸாஸ் கொடுத்த ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு நியூயார்க்கில் காரோட்டலாம். டெக்ஸாஸில் பதிந்த திருமணம் நியூயார்க்கிலும் செல்லும். ஆனால் அதே டெக்ஸாஸ் கொடுத்த கைத்துப்பாக்கி லைசென்ஸை நியூயார்க் போலீஸ்காரரிடம் நீட்டினால், "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, கைது செய்யுங்கள்" என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

நாடு முழுக்கச் செல்லும் துப்பாக்கி லைசென்ஸ் என்று அமெரிக்காவில் ஒன்று கிடையாது. அப்படி ஒன்றைக் கொண்டுவரும் மசோதா 2017 டிசம்பரில் கீழவையில் நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் பழைய லைசென்ஸ் விதியை ரத்து செய்தபோது, இனி எல்லா மாநிலத்துக்கும் எல்லா லைசென்ஸும் செல்லும் என்று நண்பர்கள் சிலர் நினைத்துக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. மாநிலங்கள் லைசென்ஸ் கேட்கலாம், ஆனால் தனக்குச் சிறப்புத் தேவை இருப்பதாக மனுதாரர் நிரூபிக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அதன் சாரம்.

நம்மவர்கள் அதிகம் போகும் ஒரு பாதையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். டல்லாஸில் கிளம்பி, பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரரைத் தரிசித்துவிட்டு, அப்படியே நயாகரா பார்த்துத் திரும்புவது. நான் வழக்கறிஞன் இல்லை. பல வருடமாக லைசென்ஸ் வைத்திருப்பவன், கிளம்பும் முன் சட்டத்தைப் படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவே. சட்டம் ஆண்டுதோறும் மாறுகிறது. இங்கே படித்ததைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் விசா என்ன?

பாதை, ஹோட்டல் எல்லாம் அப்புறம். முதலில் இதைப் பாருங்கள். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். 2022-ல் திருத்திய சட்டப்படி அதற்கு 15 ஆண்டு வரை சிறை. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்போருக்கு ஒரு விலக்கு உண்டு. "வேட்டை லைசென்ஸ் வாங்கினால் போதும், எல்லாம் சரி" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வைத்திருக்கலாம், லைசென்ஸும் வாங்கலாம். ஆனால் கிரீன் கார்டுக்காரருக்குத் துப்பாக்கி சம்பந்தமான தண்டனை ஒன்று விழுந்தால், அதுவே நாடு கடத்தப் போதுமான காரணம். பிறவிக் குடிமகனுக்கு அபராதத்தோடு போகிற ஒரு தவறு நமக்கு இருபது வருட வாழ்க்கையையே பிடுங்கிவிடும். இந்தக் கட்டுரை முழுக்க நான் பயந்தாங்கொள்ளி மாதிரி எழுதுவதாகத் தோன்றினால், காரணம் இதுதான்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணவர் குடியுரிமை வாங்கியிருப்பார், மனைவி இன்னும் ஹெச்-4. அல்லது ஊரிலிருந்து வந்த மாமனார் சுற்றுலா விசாவில் பின்சீட்டில் இருப்பார். துப்பாக்கி கையில் இருந்தால் மட்டுமே 'வைத்திருப்பது' என்று சட்டம் பார்ப்பதில்லை. எட்டி எடுக்கும் தூரத்தில், தன் கட்டுப்பாட்டில் இருந்தாலும் வழக்காகலாம். ஆகவே துப்பாக்கி உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்களிடம் மட்டும் சாவி உள்ள பெட்டியில் இருக்க வேண்டும். நீங்கள் தூங்கும்போது மனைவி காரோட்டுவார், துப்பாக்கி நடுவிலுள்ள கன்சோலில் கிடக்கும் என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

கஞ்சா விஷயமும் இங்கேதான் வருகிறது. ஒஹாயோ, இல்லினாய், நியூயார்க் மூன்றிலும் பெரியவர்களுக்கு அது மாநிலச் சட்டப்படி செல்லும். கூட்டாட்சிச் சட்டம் இன்னும் ஒப்பவில்லை. அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வழியில் கடை பளபளவென்று திறந்திருக்கிறதே என்று மிட்டாய் மாதிரி ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால், இரண்டு சட்டபூர்வமான பொருள்கள் சேர்ந்து ஒரு குற்றமாகிவிடும்.

படி 2: லைசென்ஸ் கட்டாயமில்லை என்றாலும் வாங்குங்கள்

2021 செப்டம்பர் 1 முதல் டெக்ஸாஸில் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அதனால் பலர் வகுப்புக்கே போவதில்லை. ஊருக்குள் மட்டும் சுற்றுபவருக்கு அது சரி. மாநிலம் தாண்டுகிறவருக்கு அந்த லைசென்ஸ்தான் பயணச்சீட்டு. நம் பாதையில் பென்சில்வேனியா இருக்கிறது. அங்கே காருக்குள் எடுத்துச் செல்லவே லைசென்ஸ் வேண்டும். டெக்ஸாஸ் லைசென்ஸை அவர்கள் ஏற்கிறார்கள், 'டெக்ஸாஸில் கேட்க மாட்டார்கள்' என்பதை ஏற்பதில்லை.

டெக்ஸாஸில் கட்டணம் 40 டாலர். 4 முதல் 6 மணி நேர வகுப்பு, சுட்டுக் காட்டும் தேர்வு, கைரேகை. முதல் லைசென்ஸ் நான்கு ஆண்டுக்கு, புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். காலாவதித் தேதியை இப்போதே எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் தேதியைப் பார்க்கிற நாம் இதைப் பார்ப்பதில்லை.

படி 3: வரைபடத்தில் சட்டத்தை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் பாதையை வரைந்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வரி எழுதுவேன். ஃபோனில் எழுதினாலும் சரி, ஆனால் எழுதுங்கள். டல்லாஸ்–பிட்ஸ்பர்க் சுமார் 1,240 மைல் ('ஐ' என்பது மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை): ஐ-30-ல் லிட்டில் ராக், ஐ-40-ல் மெம்ஃபிஸ், நாஷ்வில், ஐ-65-ல் லூயிவில், ஐ-71-ல் சின்சினாட்டி, கொலம்பஸ், ஐ-70-ல் வீலிங், அப்புறம் பிட்ஸ்பர்க்.

ஆர்கன்சா, டென்னசி, கென்டக்கி, ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா ஐந்திலும் வெளியூர்க்காரருக்கும் லைசென்ஸ் கட்டாயமில்லை. டென்னசி 2021-லும், கென்டக்கி 2019-லும், ஒஹாயோ 2022 ஜூனிலும், மேற்கு வர்ஜீனியா 2016-லும் அந்தப் பக்கம் வந்தன. டெக்ஸாஸ் லைசென்ஸையும் இவை மதிக்கின்றன. மேற்கு வர்ஜீனியாவில் நீங்கள் இருக்கப்போவது சுமார் 14 மைல்தான். ஒரு பாட்டு முடிவதற்குள் வீலிங் சுரங்கம் வந்துவிடும், ஆனால் தாளில் அதற்கும் ஒரு வரி உண்டு. பென்சில்வேனியாவில் லைசென்ஸ் வேண்டும், நம்முடையது செல்லும்.

நியூயார்க்கில் எந்த வெளிமாநில லைசென்ஸும் செல்லாது.

ஆக, ஏழு மாநிலம் வரை கவலையே இல்லாத பயணம், எட்டாவதில் கத்தி முனையில் நடக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் அமையும். ஆயிரம் மைல் நிம்மதியாக வந்த பழக்கத்திலேயே, கவனிக்காமல் அடுத்த எல்லைக்கோட்டையும் தாண்டிவிடுவோம். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், 2013-ல் பென்சில்வேனியா லைசென்ஸோடு ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்தார். சாதாரண போக்குவரத்துச் சோதனையில் போலீஸ் நிறுத்தியதும், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே நேர்மையாகச் சொன்னார். கைதானார். ஆண்டுக்கணக்கில் கட்டாயச் சிறை என்ற நிலை வரை போய், கடைசியில் 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு அளித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. 

சரிபார்க்க எங்கே போவது? டெக்ஸாஸ் பொதுப் பாதுகாப்புத் துறை, எந்த மாநிலம் நம் லைசென்ஸை ஏற்கிறது என்ற பட்டியலை வெளியிடுகிறது. பென்சில்வேனியா தலைமை வழக்கறிஞர் அலுவலகமும் தன் பக்கத்துப் பட்டியலை வைத்திருக்கிறது. நாம் போகிற மாநிலம் சொல்வதுதான் கணக்கு, கிளம்புகிற மாநிலம் சொல்வது இல்லை. செயலிகள் வசதியானவை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நீதிபதியிடம் செயலியைக் காட்ட முடியாது.

படி 4: 'பாதுகாப்பான கடப்பு' சட்டம் காப்பாற்றும், அளவோடுதான்

1986-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உண்டு. துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ள ஓரிடத்திலிருந்து, அதே உரிமை உள்ள இன்னோரிடத்துக்குப் போகும்போது, நடுவில் எந்த மாநிலம் வந்தாலும் கடந்து போகலாம் என்கிறது. நிபந்தனைகள் இவை. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். காரில் தனி டிக்கி இருந்தால் அங்கே. தனி டிக்கி இல்லையென்றால் பூட்டிய பெட்டிக்குள். டேஷ்போர்டு பெட்டியும் கன்சோலும், பூட்டியிருந்தாலும், அந்தப் பெட்டிக் கணக்கில் சேராது.

இந்தக் கடைசி விஷயம் நம் ஆட்களுக்கு முக்கியம். நம் வீட்டு வாசலில் நிற்பது ஒடிசி, சியன்னா மாதிரி மினிவேனோ ஏதாவது எஸ்யூவியோதான். அவை எதிலும் 'தனி டிக்கி' இல்லை. பின்சீட்டுப் பிள்ளை கையை நீட்டினால் பெட்டியைத் தொடும். ஆகவே கனமான, பூட்டுள்ள பெட்டி வேண்டும். நான் இரண்டு பெட்டி வைத்துக்கொள்வேன், துப்பாக்கிக்கு ஒன்று, தோட்டாவுக்கும் மேகசினுக்கும் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாக் கூடு) ஒன்று. பெட்டிகளைக் கடைசி வரிசைக்குப் பின்னால், சூட்கேஸ்களுக்கு அடியில் வைப்பேன். தினமும் திறக்கும் இட்லிப்பொடி டப்பா அதன் மேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.

சரி, இந்தச் சட்டம் நம் நயாகராவுக்கு உதவுமா? உதவாது. நியூயார்க்கைக் கடந்து வெர்மாண்டுக்குப் போகிறீர்கள் என்றால் உதவும். நியூயார்க்கே போய்ச்சேரும் இடமென்றால், அங்கே உங்களுக்கு உரிமை இல்லை, அதனால் இந்தச் சட்டத்தின் முதல் நிபந்தனையே விழுந்துவிடுகிறது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: "பூட்டி வைத்திருக்கிறேனே, அப்புறம் என்ன?" பூட்டு மட்டும் போதாது, இரண்டு முனையிலும் உரிமை வேண்டும்.

கடக்கும் வழியில் பெட்ரோல் போடுவது, சாப்பிடுவது வரை பெரிய பிரச்சினை வராது. ஆனால் இரவு தங்குவது, உறவினர் வீட்டுக்கு ஒதுங்குவது எல்லாம் அபாயம். 2005-ல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவருக்கு நியூ ஜெர்சியின் நெவார்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானம் தவறிப்போனது. பூட்டிய துப்பாக்கி இருந்த பெட்டியை விமான நிறுவனம் அவர் கையில் கொடுத்தது. இரவு ஹோட்டலில் தங்கிவிட்டு மறுநாள் காலை விமான நிலையத்தில் அதைப் பற்றிச் சொன்னதும் கைது. அவர் வழக்குப் போட்டார். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹோட்டலில் அந்தப் பெட்டி அவருக்கு எட்டும்படி இருந்தது, எனவே 1986 சட்டம் காக்காது என்று முடித்துவிட்டது. தவறு செய்யும் எண்ணம் துளியும் இல்லாத மனிதர்.

படி 5: நயாகராவை என்ன செய்வது?

நியூயார்க் சட்டத்தில் ஒரு வினோதம் இருக்கிறது. துப்பாக்கிக்குள் தோட்டா இல்லாவிட்டாலும், அதற்குப் பொருந்தும் தோட்டா அதே நேரத்தில் உங்களிடம் இருந்தால், அது 'தோட்டா நிரப்பிய துப்பாக்கி'தான். வீட்டுக்கோ சொந்தத் தொழிலிடத்துக்கோ வெளியே அப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது, குறைந்தபட்சமே மூன்றரை ஆண்டு சிறை என்ற வகைக் குற்றம். பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் மேகசினும் அங்கே தடை.

ஈரி நகரைத் தாண்டி ஐ-90-ல் இருபது நிமிடம் போனால் எல்லை. அதற்குள் முடிவு எடுத்திருக்க வேண்டும். வழிகள் மூன்று.

முதல் வழி, துப்பாக்கியை டல்லாஸிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவது. நயாகரா உறுதியென்றால் நான் இதைத்தான் செய்வேன். துப்பாக்கிக்காகப் பயணத்தை வளைக்கும் நிலை வந்தால், அதை வீட்டில் வைப்பதுதான் புத்தி.

இரண்டாவது, பென்சில்வேனியாவில் துப்பாக்கிக் கடையோ சுடுதளமோ கட்டணத்துக்குப் பாதுகாத்துத் தருமா என்று முன்கூட்டியே ஃபோனில் கேட்பது. சில இடங்களில் செய்கிறார்கள். திரும்பும் நாள் ஞாயிறாக இருந்து கடை மூடியிருக்கப் போகிறது, அதையும் கேளுங்கள்.

மூன்றாவது, நம்மவருக்கு முதலில் தோன்றும் வழி: "பிட்ஸ்பர்க்கில் நம் சீனு இருக்கிறானே, அவன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம்." இதைச் செய்யாதீர்கள். வேறு மாநிலத்தில் வசிப்பவரிடம் துப்பாக்கியைக் கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. விளையாட்டு, வேட்டை போன்றவற்றுக்குத் தற்காலிகமாகக் கொடுப்பதற்கு விலக்கு இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள் என்று கொடுப்பது அதில் அடங்குமா என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. சீனு ஹெச்-1பி என்றால் அவரையே சிறைக்கு அனுப்பிவிடுவீர்கள்.

காரை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு, உள்ளே துப்பாக்கியை வைத்துப் பூட்டிப் போவதும் வழி இல்லை. திருடனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

படி 6: கனடா என்கிற சுருக்கு

நயாகராவிலிருந்து டெட்ராய்ட், சிகாகோ என்று திரும்பத் திட்டமிட்டால், வரைபடச் செயலி உங்களை ஒன்டாரியோ வழியாக இழுக்கும். ஈரி ஏரியைச் சுற்றிப் போவதைவிட ஏறத்தாழ நூறு மைல் குறைவு. செயலிக்கு உங்கள் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கனடாவுக்குள் தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி கொண்டுபோக வழியே இல்லை. அறிவிக்காமல் போனால் பறிமுதலும் வழக்கும்தான். மெக்சிகோ எல்லை இதைவிட மோசம், ஒரு தோட்டா கிடந்தாலே சிக்கல்.

பஃபலோவில் பீஸ் பாலம், நயாகராவில் ரெயின்போ பாலம், டெட்ராய்ட்டில் அம்பாஸடர் பாலம் மூன்றும் தவறான வழித்தடத்தில் ஒருமுறை நுழைந்தால் திரும்ப முடியாமல் கனடா எல்லைச் சோதனைச்சாவடியில் கொண்டுபோய் நிறுத்தும் இடங்கள். செயலியில் சர்வதேச எல்லையைத் தவிர்க்கும் வழியைக் கையால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரோரா பாலாஜியையும் லெமான்ட் கோயிலையும் பார்க்கச் சிகாகோ பக்கம் வந்தால் இல்லினாய் இருக்கிறது. 2013-ல், எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக, மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்த மாநிலம் அது. வெளிமாநில லைசென்ஸை ஏற்பதில்லை. ஆனால் நியூயார்க் மாதிரி இல்லை, ஒரு சலுகை தருகிறது: சொந்த மாநிலச் சட்டப்படி தகுதியுள்ள வெளியூர்க்காரர் காருக்குள் இருக்கும்வரை எடுத்துச் செல்லலாம். இறங்கினால் பூட்டிய காரிலோ காருக்குள் பூட்டிய பெட்டியிலோ வைத்துவிட வேண்டும். கைத்துப்பாக்கி மேகசினுக்கு அங்கே 15 தோட்டா என்ற வரம்பு 2023 முதல் இருக்கிறது. டெக்ஸாஸில் சாதாரணமாகக் கிடைக்கும் 17 தோட்டா மேகசினை வீட்டிலேயே விடுங்கள். பொதுவாகவே நீண்ட பயணத்துக்குப் பத்து தோட்டா மேகசின் எடுத்துப் போனால் தலைவலி பாதி குறையும்.

படி 7: அனுமதித்த மாநிலத்துக்குள்ளும் அனுமதிக்காத இடங்கள்

தபால் அலுவலகம்: உள்ளே மட்டுமல்ல, அதன் வாகன நிறுத்தமும் தடை என்பதே நெடுங்கால விதி. போஸ்ட்கார்டு அனுப்ப வேண்டுமென்றால் தெருவில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

தேசியப் பூங்காக்கள்: 2010 பிப்ரவரி முதல், அந்தந்த மாநிலச் சட்டப்படி எடுத்துச் செல்லலாம். ஆனால் பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது, வாசலிலேயே எழுதியிருப்பார்கள். ஐ-65 ஓரமாக இருக்கும் கென்டக்கியின் மாமத் குகைக்குப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். டிக்கெட் வாங்கவே பார்வையாளர் மையத்துக்குத்தான் போக வேண்டும். காரிலேயே பூட்டிவிட்டு இறங்குங்கள்.

ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு நடத்தும் ஏரிகள் பலருக்குத் தெரியாத கண்ணி. நாஷ்வில் பக்கத்தில் ஐ-40 ஓரமாக இருக்கும் பெர்சி பிரீஸ்ட் ஏரி அந்த வகை. டென்னசியில் சுதந்திரமாக எடுத்துச் சென்ற துப்பாக்கி, அந்த ஏரிக்கரை முகாமில் விதிமீறல் ஆகும். கூடாரம் அடிக்கும் திட்டமிருந்தால் இடம் யாருடையது என்று பாருங்கள். மேற்கே ஐ-40-ல் போகிறவர்களுக்கு நியூ மெக்சிகோவில் லகூனா, ஆக்கோமா போன்ற பூர்வகுடி நிலங்கள் வரும். மாநில லைசென்ஸ் அங்கே தானாகச் செல்லாது, அவர்களுடைய சட்டம் தனி.

பள்ளிக்கூடம்: கூட்டாட்சிச் சட்டப்படி பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தாலும் விலக்கு. லைசென்ஸே தேவையில்லாத ஒஹாயோவில் டெக்ஸாஸ்காரர் எழுத்துப்படி இந்த விலக்குக்குள் வருவதில்லை. நடைமுறையில் இதை மட்டும் வைத்து வழக்கு வருவது அரிது, ஆனாலும் ஹைவேயிலிருந்து இறங்கி ஊருக்குள் புகும்போது மனதில் இருக்கட்டும்.

கடை வாசலில் 'துப்பாக்கி கூடாது' என்று மாட்டும் பலகைகளின் பலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்ஸாஸில் 30.06 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் பெரிய எழுத்தில் பலகை இருந்தால், மீறுவது குற்றம். ஒஹாயோவிலும் பலகைக்குச் சட்ட பலம் உண்டு. பென்சில்வேனியாவில் தனியார் கடைப் பலகைக்கு அந்தப் பலம் இல்லை, வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டும், போகாவிட்டால் அத்துமீறல். இவ்வளவையும் நினைவில் வைப்பதற்குப் பதில், பலகை கண்டால் நுழையாதீர்கள். மது விஷயத்திலும் அப்படியே. எங்கே எவ்வளவு என்ற ஆராய்ச்சி வேண்டாம், இடுப்பில் இருக்கும்போது ஒரு சொட்டும் வேண்டாம்.

கோயில்

பிட்ஸ்பர்க் பென் ஹில்ஸ் குன்றின்மேல் 1970-களில் எழும்பிய கோயில். வழிபாட்டுத் தலத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். கோயில் நிர்வாகத்தின் விருப்பம் என்று ஒன்றும் உண்டு. என் கருத்து நேரடியானது: எடுத்துப் போகாதீர்கள். வேட்டி கட்டினால் பெல்ட் கிடையாது, பெல்ட் இல்லாமல் துப்பாக்கி உறை நிற்காது. சாஷ்டாங்கமாக விழும்போது கைத்துப்பாக்கி தரையில் விழுந்து சுழன்று ஓடும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். எஃகுக் கயிற்றால் சீட்டுச் சட்டத்தில் கட்டிய பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள். ஆனால் அதைக் கோயில் வாகன நிறுத்தத்தில் எல்லோரும் பார்க்கச் செய்யாதீர்கள். கடைசியாக நின்ற ஓய்விடத்திலேயே பூட்டிவிட்டு வாருங்கள்.

படி 8: கட்டுவது, கழற்றுவது, தூங்குவது

பத்து மணி நேரம் உட்கார்ந்து ஓட்டும்போது, வலது இடுப்புக்குப் பின்னால் வைக்கும் உறை முதுகைத் தின்றுவிடும். சீட் பெல்ட் கொக்கியும் அதோடு சண்டை போடும். கிளம்புவதற்கு முன் ஒரு சனிக்கிழமை அதே உறையோடு மூன்று மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வலித்தால் உறையை மாற்றுங்கள். வலிக்கிறது என்று துப்பாக்கியை எடுத்துக் கதவுப் பையிலோ கப் வைக்கும் குழியிலோ போடும் பழக்கம்தான் எல்லா விபரீதத்துக்கும் தொடக்கம்.

விசை முழுவதும் மூடிய கெட்டியான உறை வேண்டும். எடுக்கும்போது துப்பாக்கியை உறையோடு சேர்த்தே எடுங்கள், உறையோடு சேர்த்தே பெட்டியில் வையுங்கள். தொடும் தடவை குறையக் குறைய ஆபத்தும் குறையும். காருக்குள் குனிந்து வளைந்து தோட்டாவை ஏற்றி இறக்குவது மிக மோசம்.

ஓய்விடக் கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். பேன்ட்டை இறக்கும்போது துப்பாக்கியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியின் மேலோ கொக்கியிலோ வைத்துவிட்டு மறந்து வந்தவர்கள் உண்டு. போலீஸ்காரர்களே மறந்திருக்கிறார்கள். உறையிலிருந்து எடுக்காமல், இறங்கிய பேன்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

இரவில் காரில் விடாதீர்கள். ஹோட்டல் வாகன நிறுத்தங்களில் கண்ணாடி உடைவது சாதாரணம். சின்னப் பெட்டியைச் சாதாரணப் பைக்குள் வைத்து அறைக்கு எடுத்துப் போங்கள். துப்பாக்கிக் கம்பெனிச் சின்னம் போட்ட பை, தொப்பி, காரின் பின்னால் ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். 'உள்ளே துப்பாக்கி இருக்கிறது, உடைத்துக்கொள்' என்று பலகை மாட்டுவது அது. வரிசை எண்ணின் படம் ஃபோனில் இருக்கட்டும், திருடு போனால் போலீஸ் முதலில் அதைத்தான் கேட்கும்.

நாஷ்வில்லில் அத்தை வீட்டில் தங்குகிறீர்கள் என்றால், முன்பே ஃபோனில் சொல்லுங்கள்: "அத்தை, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பூட்டித்தான் இருக்கும், உங்களுக்குச் சங்கடம் என்றால் ஹோட்டலில் தங்கிக்கொள்கிறேன்." அத்தை வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள், அவர் வீடு. சொல்லாமல் கொண்டுபோய், நடு இரவில் அவர் பேரன் பையைத் திறப்பதைவிட ஹோட்டல் வாடகை மலிவு.

படி 9: பின்னால் சிவப்பு-நீல விளக்கு

ஓரங்கட்டுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். காரின் பதிவுச் சான்றும் காப்பீட்டு அட்டையும் துப்பாக்கி இருக்கும் பக்கம் இருக்கக் கூடாது. அவற்றை முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பில் செருகி வையுங்கள்.

தானாகச் சொல்ல வேண்டுமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. மிச்சிகன், வட கரோலினா, நெப்ராஸ்கா, அலாஸ்கா போன்றவற்றில் முதலில் நீங்களே சொல்ல வேண்டும். ஒஹாயோவில் 2022 முதல், கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும். டெக்ஸாஸில் அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அனுமதி உள்ள மாநிலங்களில் நான் கேட்காமலே லைசென்ஸைச் சேர்த்து நீட்டிவிடுவேன்.

சொல்லும் விதம் முக்கியம். பேச்சை 'துப்பாக்கி' என்ற சொல்லில் தொடங்காதீர்கள், அந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தால் எதிரில் இருப்பவர் கை தன் இடுப்புக்குப் போகும். "ஐயா, என்னிடம் எடுத்துச் செல்லும் லைசென்ஸ் இருக்கிறது, இப்போது வலது இடுப்பில் வைத்திருக்கிறேன், நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதை அவருக்குப் புரியும் ஆங்கிலத்தில், மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். பதற்றத்தில் நம் ஆங்கிலம் வேகமெடுக்கும். அவர் சொல்லும்வரை கை அசையக் கூடாது. காரில் இருப்பவர்களுக்கும் முன்பே சொல்லி வையுங்கள்: பின்சீட்டிலிருந்து "அப்பா, துப்பாக்கியைக் காட்டுப்பா" என்று குரல் வரக் கூடாது.

காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால் மரியாதையாக மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கைதே ஆகிவிட்டால் வழக்கறிஞர் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லித் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பழக்கம். குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் எண்ணையும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள், கைதானால் ஃபோன் உங்கள் கையில் இருக்காது.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஐ-40-ல் லாரிகளுக்கு நடுவே யாராவது குறுக்கே வெட்டிவிட்டு நடுவிரலைக் காட்டுவார். கோபத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டினால் போதும், சுட வேண்டியதே இல்லை, அதுவே குற்றம். இடுப்பில் இருக்கும் நாளில் ஹாரன் அடிப்பதைக்கூட நான் குறைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்ததும்

பெட்டிகளைக் காலி செய்து தோட்டாக்களை எண்ணுங்கள். ஐம்பது எடுத்துப் போயிருந்தால் ஐம்பதும் இருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில், பையின் உள்மடிப்பில் ஒன்று உருண்டு கிடக்கும். இந்தியா போகும் நேரத்தில் அதே பையைக் கைப்பையாக எடுத்துக்கொண்டு, சென்னையிலோ டெல்லியிலோ ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டா தெரிந்து ஆயுதச் சட்டத்தில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். சுடுதளத்துக்கும் துப்பாக்கிப் பயணத்துக்கும் ஒரு பை, விமானத்துக்கு வேறு பை. முதலாவதில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிக் கராஜில் மாட்டிவிடுங்கள், ஊருக்குப் போகும் அவசரத்தில் வீட்டில் வேறு யாரும் அதை எடுத்துத் துணி அடுக்காமல் இருக்க.